முத்திரைக்குப் போன இரண்டு இஞ்சு

நகராட்சி உறுப்பினர் ஒருவரை நாய் கடித்துவிட்டது. கடித்தது அவர் வீட்டு நாய்தான். இரண்டு நாள் அதற்குச் சாப்பாடு வைக்க மறந்துவிட்டு, மூன்றாம் நாள் அது எங்கிருந்தோ பொறுக்கி வந்த எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது, வழியில் கிடக்கிறதென்று காலால் தள்ளியிருக்கிறார். இதை ஒரு மனுஷன் சபையில் எழுந்து சொல்ல முடியுமா? "யாரு வீட்டு நாய்னு தெரியலை. ஆனா தலை ரொம்பப் பெரிசு" என்று மட்டும் சொன்னார். புல் டெரியர் என்றொரு இனத்துக்குத் தலை பெரிதாக இருக்கும் என்று எந்தப் பத்திரிகையிலோ படித்திருந்த இன்னொரு உறுப்பினர் உடனே எழுந்தார். மேசைகள் தட்டப்பட்டன. சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே சட்டம் தயாராகிவிட்டது.

அந்த ஊரில் யாரும் புல் டெரியரை நேரில் பார்த்ததில்லை. அதனால் பயப்படுவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

சட்டம் எளிமையானது. தலைச் சுற்றளவு பதினெட்டு இஞ்சு அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த நாய் புல் டெரியர் வகை. புல் டெரியர் வகை என்றால் அபாய நாய். அபாய நாய் யாரையாவது கடித்தால் ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும். நாயை வளர்ப்பவர் எப்படிப்பட்டவர், கட்டிப் போடுகிறாரா, பழக்குகிறாரா, தண்ணீராவது வைக்கிறாரா என்று கேட்கப் படிவத்தில் முதலில் ஒரு கட்டம் இருந்ததாம். அச்சடிக்கும்போது முத்திரை குத்த இடம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள்.

எல்லா நாயையும் அளக்கக் கொண்டு வர வேண்டும் என்று நோட்டீஸ் வந்த அன்று டைலர் அதை இரண்டு முறை படித்தார். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டும் மேசை, சுவரில் ஆணி, ஆணியில் கத்தரி. கத்தரிக்குப் பக்கத்து ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் பாபினின் தடுப்பூசி அட்டை. ஆறு வருடத்துக்கு முன்னால் வெட்டுத்துணி போடும் அட்டைப் பெட்டிக்குள் யாரோ விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டிதான் பாபின். பழுப்பு நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. என்ன இனம் என்று யாராவது கேட்டால் "நாய் இனம்தான்" என்பார் டைலர். "இரு" என்றால் உட்காரும். "வா" என்றால் வரும். அவர் மிதிக்கும்போது மிஷினுக்கு அடியில் அவர் கால் பக்கம் தலையை வைத்துத் தூங்கும். மிஷின் நின்றால் விழித்துக்கொள்ளும். வெளியே கூட்டிக்கொண்டு போனால் அது அசிங்கம் செய்த இடத்தை டைலர் காகிதத்தால் எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் நகர்வார். டாக்டரிடம் போகும்போது மாட்ட பெல்ட் துணியில் வாய்மூடி ஒன்றை அவரே அளவெடுத்துத் தைத்து வைத்திருந்தார்.

"நமக்கென்ன பயம்?" என்றார் மனைவியிடம். "பாபினுக்குத் தலை பதினாறு இஞ்சு. வாய்மூடி தைக்கும்போது அளந்தேனே."

"எதுக்கும் சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க. கூட்டம் சேந்துடும்" என்றார் மனைவி. அவர்தான் கடையில் காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, மடிப்பு அடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம்.

ஆக, நாய் இன நிர்ணய அலுவலகத்தில் வரிசையில் முதல் ஆளாக நின்றவர் டைலர்தான்.

அளவு எழுத்தர் என்றொரு பதவி அங்கே இருந்தது. அவர் மேசையில் மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று நிர்ணய அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து திறந்து, சிவப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு டேப்பை எடுத்தார்கள். நுனியில் ஈயமுத்திரை தொங்கியது. பாபின் சொன்னபடி உட்கார்ந்து தலையைக் கொடுத்தது. எழுத்தர் டேப்பைச் சுற்றினார்.

"பதினெட்டு" என்றார். "புல் டெரியர்."

முப்பது வருடமாகக் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டேப்பின் நுனியில் பித்தளைத் தகடு இல்லை. ஒன்று இல்லை. இரண்டும் இல்லை. முத்திரைக்கு அப்புறம் நேரே மூன்றாவது இஞ்சில் ஆரம்பித்தது டேப்.

"சார், இந்த டேப்புல முதல் ரெண்டு இஞ்சு இல்லையே" என்றார்.

"தெரியும். தகடு மேல முத்திரை நிக்கலை. அதனால அந்தப் பகுதிய வெட்டிட்டு, அப்புறம் முத்திரை போட்டோம்."

"அப்போ அளவு ரெண்டு இஞ்சு கூடுதலா வருமே சார்."

எழுத்தர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க டேப்புல முத்திரை இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எந்த தைரியத்துல பேசறீங்க?"

பின்னால் நின்ற பால்காரர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நாயோடு கன்றுக்குட்டியையும் கூடவே ஓட்டி வந்திருந்தார். வரிசையில் வந்ததை அளக்காமல் அனுப்ப விதியில் இடமில்லை. அன்று மாலைக்குள் அந்த ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு புல் டெரியர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதில் ஒன்று புல் தின்னும். பாபினுக்கு வந்த எண் ஒன்று.

அபாய நாய்க்கு நிபந்தனைகள் உண்டு. எப்போதும் வாய்மூடி. வாசலில் சிவப்புப் பலகை. தினமும் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு நாயைக் கூட்டி வந்து காட்டிவிட்டு, வளர்ப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். டைலர் மூன்றையும் ஒழுங்காகச் செய்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டால் போட்டதுதான்.

பலகை மாட்டிய மறுநாளே தெரு மாறிப்போயிற்று. ஆறு வருடமாகப் பாபினுக்கு பிஸ்கட் போட்டுவந்த மாடிவீட்டு அக்கா எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார். டைலர் ஒருநாள் தாங்காமல் கேட்டே விட்டார்.

"ஏங்க்கா, நேத்து வரைக்கும் உங்க கையில சாப்பிட்ட நாய்தானே?"

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாதே" என்றார் அக்கா. "இப்போ யோசிச்சா உடம்பு நடுங்குது. அது பிஸ்கட்டைத் தின்ன விதம் இருக்கே, அப்பவே எனக்கு ஏதோ தோணுச்சு."

பலருக்கும் அப்பவே ஏதோ தோன்றியிருந்தது. பாபின் எப்போதோ கொட்டாவி விட்டதை ஒருவர் நினைவு வைத்திருந்தார். பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க வருவது நின்றது. பாபினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாராவது தெருவில் போனால் வாய்மூடிக்குள்ளிருந்து முனகிக்கொண்டு வாலை ஆட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக நடந்தார்கள்.

நான்கு வீடு தள்ளி காண்டிராக்டர் வீடு. அவரிடம் வெள்ளைச் சடைநாய் ஒன்று. தங்கநிற ஓரம் போட்ட வம்சச் சான்றிதழோடு வாங்கியது. சான்றிதழ் உள்ள நாய்களை அளக்கத் தேவையில்லை என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. நாயைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே முழங்கை நீளச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார். தொட்டியிலிருந்து சொட்டுவதை அண்ணாந்து நக்கிக்கொள்ளும். வருடக்கணக்காக அந்த இடத்தை விட்டு அது நகர்ந்ததில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் அதனிடம் கடிபட்டிருந்தார்கள்.

ஒருநாள் துருப்பிடித்த சங்கிலி அறுந்தது. அந்த நேரம் கேட்டைத் திறந்த தபால்காரரின் கெண்டைக்கால் சதை நாயின் வாயோடு போய்விட்டது.

தபால்காரர் நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கடிப் பதிவேட்டில் பதிந்த சீட்டு இருந்தால்தான் ஊசி என்றார்கள். இன நிர்ணய அலுவலகத்துக்கு ஓடினார். கடிப் பதிவேட்டின் முதல் கட்டம், கடித்த அபாய நாயின் எண்.

"அது அபாய நாய் இல்ல சார். காண்டிராக்டர் வீட்டுச் சடைநாய்" என்றார் தபால்காரர், ரத்தம் செருப்பில் இறங்க.

"அது கடிக்கிற இனம் இல்லையே" என்றார் அளவு எழுத்தர்.

"கடிச்சுதே சார்!"

"கடிக்கிற இனமா இல்லாத நாய் வாய் வச்சா அதுக்குத் 'தொடர்பு'ன்னு பேரு. தொடர்புக்கு ஊசி கிடையாது. உங்களுக்கு ஊசி வேணுமா வேணாமா?"

வேணும் என்றார் தபால்காரர். அந்தத் தெருவில் எண் உள்ள நாய் ஒன்றுதான் இருந்தது. எழுத்தர் அந்த எண்ணை எழுதினார். தபால்காரர் வலியில் எங்கே காட்டினார்களோ அங்கே கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் கழித்து டைலர் வீட்டுக்கு ஒரு உத்தரவு வந்தது. எண் ஒன்று கடித்திருப்பதால் அதைக் கொல்ல வேண்டியிருக்கிறது, ஒத்துழைக்கவும்.

விஷயம் தெரிந்ததும் தபால்காரர் டைலர் கடைக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதார். "ஊசிக்காகப் போட்டேங்க. சத்தியமா இப்படி ஆகும்னு தெரியாது." பாபின் போய் அவர் காலில் போட்டிருந்த கட்டை முகர்ந்து பார்த்தது. விசாரணையில் வந்து உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். சொன்னபடி வந்தும்விட்டார்.

விசாரணையில் நிர்ணய அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாயை உள்ள கொண்டு வராதீங்க" என்றார். "நான் எந்த நாயையும் பாக்கிறதில்ல. பாத்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா அளவு மாறிடும். எங்களை நாய்க்கு விரோதின்னு சொல்றாங்க. எங்க வாசல்லயே நாய் சிலை வச்சிருக்கோம், பாத்தீங்களா? அதையும் அளந்துட்டுத்தான் வச்சோம். பதினேழு. சுத்தமான சிலை."

தபால்காரர் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இது சடைநாய் கடிச்சது சார். பாபின் என்னை நக்கத்தான் செய்யும்."

"நக்கியிருக்கு இல்லையா? அப்போ வாய் வரைக்கும் வந்திருக்கு. எழுதிக்குங்க" என்றார் அதிகாரி.

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"சார், பாபின் அபாய நாயே இல்ல" என்றார் டைலர். "டேப்பு தப்பு."

"இந்தப் புகாரையும் விட்டு வைக்கலை. விசாரிச்சாச்சு" என்றார் அதிகாரி. "டேப்பை மேசையில விரிச்சு வச்சு அளந்து பாத்தோம். ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல."

"எந்த டேப்பால அளந்தீங்க சார்?"

"வேற எதால? முத்திரை போட்ட டேப்பு ஊர்லயே இது ஒண்ணுதானே இருக்கு!"

தபால்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் டைலர் அந்த வார்த்தையைச் சொன்னார். நாய் பிடிப்பவர்கள் ஆறு பேருக்கு வருடாவருடம் சீருடை தைப்பது அவர்தான். எப்போதும் அவரே அளவெடுப்பார். இந்த வருடம் முத்திரை டேப்பால் எழுத்தர் அளந்து எழுதி அனுப்பியிருந்தார். "அந்த அளவுப்படியே தச்சா, ஆறு பேன்ட்டும் இடுப்புல ரெண்டு இஞ்சு தொளதொளன்னு இருக்கும் சார். போட்டுப் பாத்தா உங்களுக்கே தெரியும். நிக்காது. வழுக்கி விழும்."

அதிகாரி முதல்முறையாக நாற்காலியைத் திருப்பினார். அவருக்குச் சோதனை என்றால் பிடிக்கும் போலிருக்கிறது. பேன்ட் தொளதொளவென்று இருந்தால் டேப்பு தவறு, எண் ஒன்று விடுதலை. கச்சிதமாக இருந்தால் டேப்பு சரி, எண் ஒன்று ஊசி. பத்து நாள் அவகாசம். தீர்ப்பு பொறுப்புள்ள நாய் வளர்ப்பு விழா அன்று, எல்லார் முன்னிலையிலும். உத்தரவை அங்கேயே சொல்லி எழுதவைத்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்று ஒரு தாளை நீட்டினார். "இது ரகசியச் சோதனை. ஆறு பேருக்கும் தெரியக்கூடாது. உங்க வீட்டு ஆளுங்களுக்கும் தெரியக்கூடாது. வெளிய சொன்னா மூணு மாசம் ஜெயில். துணியில யாராவது கை வச்சா அவங்களுக்கு ஆறு மாசம். ஏன்னா பாருங்க, யாராவது உள்ள பூந்து குழப்பிட்டா உண்மை வெளிய வராது."

டைலர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தபால்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஒன்பது நாளும் டைலர் வாழ்க்கையில் பட்டிராத பாடு பட்டார். வேண்டுமென்றே தப்பாகத் தைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆறு பேரின் உண்மையான அளவும் அவருக்கு மனப்பாடம். முப்பத்திரண்டு இடுப்புக்காரருக்கு முப்பத்திநான்கு என்று சீட்டில் இருக்கும்போது கை தானாகவே முப்பத்திரண்டில் சாக்கட்டியை வைத்துவிடும். அழித்து அழித்து வரைந்தார். பாபின் காலடியில் தூங்கியது. இடையிடையே மிஷினை நிறுத்திவிட்டு அதன் தலையைத் தடவுவார். இன்னும் கொஞ்ச நாள், அப்புறம் இந்த வாய்மூடியை எரித்துவிடலாம் என்று சொல்லிக்கொள்வார், மனசுக்குள்.

மனைவிக்கு அவர் சொன்னதெல்லாம், உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விழா அன்று முடிவு என்பது மட்டும்தான்.

"விழான்னா நல்லபடியா விட்டுடுவாங்கதானே?"

"விட்டுடுவாங்க."

மனைவி கொக்கி வைப்பதற்காக முதல் பேன்ட்டை எடுத்தார். ஆறு பேரில் வலை வீசுகிறவருடையது. விரித்தார். இடுப்பை மடித்துக் கையால் அளந்து பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"வலைக்காரர் பேன்ட்டுதானே இது? அவருக்கு இவ்வளவு இடுப்பு எங்க இருக்கு?"

"சீட்டுல இருக்கிறபடி தச்சிருக்கேன். நீ கொக்கிய வை."

இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் ஒருநாளும் பேசியதில்லை. மனைவி கொக்கியை வைத்தார். இரண்டாவது பேன்ட்டும் அப்படியே. மூன்றாவதும். அவர் அழித்து அழித்து வரைவதை மனைவி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை, அதாவது விழா அன்று, டைலர் வழக்கம்போல் பாபினைக் கூட்டிக்கொண்டு பத்து மணிக் கையெழுத்துக்குக் கிளம்பினார். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே விழாவுக்கு நிற்க வேண்டியதுதான். வாசலில் நின்று ஒருமுறை சொன்னார்: "ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க. கொடுத்துடு."

"சரிங்க" என்றார் மனைவி. குனிந்து பாபினின் காதைச் சொறிந்துவிட்டார். "சீக்கிரம் வந்துடு, என்ன?"

அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் நகராட்சி உறுப்பினர் உட்கார்ந்திருந்தார். கடிபட்ட காலில் இன்னும் கட்டு இருந்தது, வருடம் ஒன்றாகியும். பொறுப்புள்ள வளர்ப்பாளர் விருது காண்டிராக்டருக்கு. நாயை எப்போதும் கட்டி வைத்திருப்பதற்கு முழு மதிப்பெண். கடிப் பதிவேட்டில் பெயர் இல்லாததற்கு முழு மதிப்பெண்.

"நாயைக் கூட்டிட்டு வரலையா? படம் எடுக்கணுமே" என்று அதிகாரி கேட்டார்.

"எப்படி சார் கூட்டிட்டு வர்றது? கடிச்சிடும்" என்றார் காண்டிராக்டர் பெருமையாக. எல்லோரும் கைதட்டினார்கள். தபால்காரரும் கைதட்டும்படி ஆயிற்று, பக்கத்தில் எழுத்தர் நின்றதால்.

அப்புறம் ஆறு பேரையும் வரச் சொன்னார் அதிகாரி. புதுச் சீருடையில் வரிசையாக நடந்து வந்தார்கள்.

யாரும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. எவருக்கும் எதுவும் வழுக்கவில்லை. டைலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இடுப்பு இடுப்பில் உட்கார்ந்திருந்தது. மடிப்பு செருப்பைத் தொட்டு நின்றது. அவர் வாழ்நாளில் தைத்த சீருடைகளில் இவ்வளவு எடுப்பாக எதுவும் அமைந்ததில்லை.

அதிகாரி ஒவ்வொருவர் இடுப்பிலும் விரலை விட்டுப் பார்த்தார். "ஒரு விரலுக்கு மேல போகலையே" என்றார். "எழுதிக்குங்க."

"சார், ஒரு நிமிஷம்" என்று டைலர் ஓடினார். வரிசையில் முதலில் நின்ற வலைக்காரரைத் திருப்பி நிறுத்தி, பின்பக்க இடுப்புப் பட்டியைப் புரட்டினார். நடுத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் ஓடியிருந்தது. சரியாக இரண்டு இஞ்சு பிடித்து, கடைசியில் மூன்று முறை பின்னுக்கு ஓட்டி முடித்திருந்தது. இரண்டு முறை போதும் என்று முப்பது வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரியக்கூடாது பாருங்க என்று மனைவி மூன்றுமுறைதான் ஓட்டுவார்.

வலைக்காரர் கழுத்தைத் திருப்பிக் காதோரம் சொன்னார். "காலையில போட்டுப் பாத்தா பெரிசா இருந்துச்சு டைலரே. அம்மாதான் ஆறு பேருக்கும் உடனே இடுப்பைப் பிடிச்சு, மடிப்பையும் ஏத்திக் கொடுத்தாங்க. பாவம், வேர்த்துக் கொட்டுச்சு அவங்களுக்கு. உங்களுக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்லையாம், ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. நான் சொல்லலை, நீங்க கவலைப்படாதீங்க."

"என்ன அங்க?" என்றார் அதிகாரி. "தையல்ல ஏதாவது வித்தியாசம் இருக்கா? யாராவது கை வச்சிருக்காங்களா? பேரைச் சொல்லுங்க. அவங்களை உள்ள போட்டுட்டுச் சோதனையை மறுபடி வச்சுக்கலாம். அதுல எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

முற்றத்து மூலையில், சிலைக்குப் பக்கத்தில், டைலர் "இரு" என்று சொல்லிவிட்டு வந்த இடத்தில் பாபின் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பிப் பார்த்ததும் வாலைத் தரையில் ஒருமுறை தட்டியது. நான்தான் கை வைத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொந்த நாய்க்கு எதிராக எவனாவது கை வைப்பானா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

"யாரும் இல்ல சார்" என்றார். "நான் தச்சதுதான்."

அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒலிபெருக்கியை இழுத்து வைத்துக்கொண்டார். "இதோ பாருங்க, நம்ம டேப்பைச் சந்தேகப்பட்டவரே அது சரின்னு தன் கையால நிரூபிச்சுட்டார். இப்படிப்பட்ட பொறுப்பான குடிமக்கள்தான் வேணும். இவருக்கு அலுவலகம் சார்பா ஒரு பாராட்டுத் தாள்." தாள் அங்கேயே எழுதப்பட்டது. அதன் மேலும் முத்திரை குத்தினார்கள்.

பாபினைக் கொண்டு போக வலைக்காரரைத்தான் அனுப்பினார்கள். அவர் வலையை விரித்தபடி தயங்கித் தயங்கிப் போனார். அதற்கு வேலையே வரவில்லை. பாபின் எழுந்து அவர் பேன்ட்டை முகர்ந்தது. அதில் மிஷின் எண்ணெய் வாசனை இருந்திருக்கும். அம்மாவின் கை வாசனை இருந்திருக்கும். வால் வேகமாக ஆட ஆரம்பித்தது. ஆனாலும் நகரவில்லை. டைலரைப் பார்த்தது. இரு என்று சொன்னவர் அவர்தானே.

"நீங்களே சொல்லிடுங்க டைலரே" என்றார் வலைக்காரர் தாழ்ந்த குரலில். "இழுத்துட்டுப் போக மனசு வரலை."

டைலர் "போ" என்றார். அந்தச் சொல்லைப் பாபினுக்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை. அது விழித்தது. பிறகு அவர் "வா" என்று சொல்லிக்கொண்டே வலைக்காரருக்குப் பக்கத்தில் நடந்தார். அது பின்னாலேயே வந்தது. பின்கட்டுக் கதவு வரைக்கும் அவரும் போனார். அதற்கு மேல் வளர்ப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று கதவில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் பாபினின் கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது. மனைவி அதைப் பார்த்தார். கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார், அங்கே இருக்கக்கூடும் என்பதைப் போல. அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டைலரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அழுது ஓய்ந்தபிறகு மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என்னங்க, பேன்ட்டுல ஏதாவது குறை சொன்னாங்களா? அந்தக் கோபத்துலதான் நம்ம பிள்ளைய…"

டைலர் பாராட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினார்.

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். "ஆறு பேருக்கும் கச்சிதமா இருந்துச்சு."

"அப்பாடா" என்றார் மனைவி.